தண்ணீர் வடிந்தது, பயம் வடிந்ததா?

(நம் சங்கத்தின் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இந்தப் பேச்சில் பாதி உங்களைப் பற்றியதுதான்.

இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். மழைநீர் வடிகால் தூர் வாருவது முதல் பொருள். ஜெனரேட்டரை மூன்றடி மேடை கட்டி உயர்த்துவது இரண்டாவது. ஸ்டில்ட் பார்க்கிங் வாசலுக்கு மணல் மூட்டை மூன்றாவது. மூன்றுக்கும் எஸ்டிமேட் வந்துவிட்டது. நான்காவதாக ‘மழையும் மனமும்’ என்று போட்டு எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு லிஃப்டில் ஒரு நண்பர் கேட்டார்: “சார், இதுக்கு எஸ்டிமேட் எவ்வளவு?” நியாயமான கேள்வி. கடைசியில் ரூபாய்க் கணக்கோடு பதில் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்ததையும், கவுன்டரில் உட்கார்ந்து பார்த்ததையும், நம் வளாகத்தில் காதில் விழுந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மழை நின்ற பிறகு

2023 டிசம்பர் 3, 4 தேதிகளை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மிக்ஜாம் புயல். ஸ்டில்ட்டில் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் ரூம் மூழ்கியது, லிஃப்ட் நின்றது, நான்கு நாள் கரன்ட் இல்லை. ஐந்தாம் நாள் விளக்கு எரிந்தபோது எல்லா பிளாக்கிலும் கைதட்டல் கேட்டது. பள்ளிக்கூடம் ஒரு வாரத்தில் திறந்தது. கார்களுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. மோட்டாரை ரீவைண்டிங் செய்தோம். கணக்கு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. நம் வளாகத்திலேயே ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை, வானம் இருட்டினால் தன் ஷூவையும் டார்ச்சையும் பள்ளிப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில் எட்டு வயதில் படுக்கையை நனைக்கும் பழக்கம் மறுபடி வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மோட்டார் சத்தம் கேட்டாலே எரிந்து விழுகிறான். அந்த இரவில் மாடிப்படியில் பாட்டி ஒருவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றியவர்களில் அவனும் ஒருவன் என்பது பலருக்குத் தெரியாது. பெயர்கள் வேண்டாம். அந்தப் பெற்றோர்களின் சம்மதத்தோடுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

பெரியவர்கள் மட்டும் சரியாக இருக்கிறோமா? அக்டோபர் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால்கனியிலிருந்து ஸ்டில்ட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், இந்த ஹாலில் பாதிக் கைகள் எழும். என் கையும் சேர்த்துத்தான்.

இதற்கெல்லாம் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்: “போகப் போகச் சரியாயிடும்.” பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையும்கூட. ஆபத்தைச் சந்தித்தவர்களில் மிகப் பலர் சில வாரங்களில், சில மாதங்களில் தாங்களாகவே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால், ‘தாங்களாகவே’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால், அப்படி எழுந்தவர்களின் தோளுக்குக் கீழே யாரோ ஒருவரின் கை இருந்திருக்கும். அந்தக் கையைப் பற்றித்தான் இன்று பேச்சு.

சாம்பிராணிக்கு அடிக்கும் அலாரம்

மனக்காயம், ஆங்கிலத்தில் ட்ராமா என்கிறார்களே, அது என்ன? நம் சி பிளாக் லாபியில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் அடிப்பதற்காக வைத்தது. வெள்ளிக்கிழமை யாராவது சாம்பிராணி போட்டாலும் அடிக்கிறது. அது கெட்டுப்போகவில்லை. புகையைக் கண்டால் அடி என்று சொல்லியிருக்கிறோம், அடிக்கிறது. எந்தப் புகை என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

நம் மூளைக்குள்ளும் அப்படி ஓர் அலாரம் இருக்கிறது. ஆபத்து என்றால் யோசிப்பதற்கு முன்பே இதயத் துடிப்பைக் கூட்டும், கை கால்களுக்கு ரத்தத்தை அனுப்பும். எதிர்த்து நில், ஓடு, அல்லது அசையாமல் உறைந்துவிடு, மூன்றில் ஒன்றைச் செய்யச் சொல்லும். பெரிய ஆபத்து ஒன்று நடந்துவிட்டால் சிலருக்கு அந்த அலாரம் கொஞ்ச காலம் மிகவும் கூர்மையாகிவிடுகிறது. தூறலுக்கும் அடிக்கும், மோட்டார் சத்தத்துக்கும் அடிக்கும், ஈரச் சுவரின் வாசனைக்கும் அடிக்கும். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். அடுப்பு அணைந்திருக்கிறது என்று பூனைக்கு எப்படித் தெரியும்?

இது புரிந்தால் ஒரு பெரிய மாற்றம் வரும். “ஏன் இப்படி அடம் பிடிக்கிறே?” என்று கேட்பதை விட்டு, “உனக்கு எது பயமா இருக்கு?” என்று கேட்க ஆரம்பிப்போம். பிள்ளை செய்வது அதேதான். நம் கேள்வி மாறியிருக்கிறது.

பிள்ளைகள் பயத்தை வாயால் சொல்வது குறைவு. உடம்பால் சொல்வார்கள். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, தூக்கத்தில் அலறல், அம்மாவை விட்டு நகராமை. விளையாட்டிலும் அதே சம்பவத்தைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்ப்பார்கள். பதின்வயதில் இது கோபமாக, மௌனமாக, கதவைச் சாத்திக்கொள்வதாக, மார்க் இறங்குவதாக வரும். இவற்றில் ஒன்றிரண்டு சில நாள் இருந்தால் பதற வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது படிப்பு, சாப்பாடு, தூக்கம் கெட்டால், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். தன்னை வருத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கும்பகோணமும் நாகப்பட்டினமும்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவுச் சமையலறையில் பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு என்ன நடந்தது? விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை இறக்கினார்கள். பள்ளிக் கட்டட விதிகள் கடுமையாயின. எல்லாம் அவசியமானவை. கூரையை மாற்ற ஓர் அரசாணை போதும். ஆனால், பக்கத்து பெஞ்ச் காலியாகிவிட்ட பிள்ளையின் மனசுக்கு அரசாணை போட முடியாது. அது அந்த ஊர், அந்த ஆசிரியர்கள், அந்தத் தெருவின் வேலையாகத்தான் மிஞ்சுகிறது.

அப்போது தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். ஐந்தே மாதத்தில், டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவரையே நாகைக்கு ஆட்சியராக அனுப்பினார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அங்கே ‘அன்னை சத்யா’ அரசுக் காப்பகம் தொடங்கப்பட்டது. அவரும் அவர் மனைவியும் அந்தக் குழந்தைகளை அடிக்கடிப் போய்ப் பார்த்தார்கள். பிறகு அவர் வேறு வேறு பதவிகளுக்குப் போன பிறகும் அந்தத் தொடர்பு விடவில்லை. 2022-ல் அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்துக்கு அவர் போனது செய்தித்தாள்களில் வந்தது, உங்களில் பலர் படித்திருப்பீர்கள்.

இதை ஓர் அதிகாரியைப் பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிவாரணத் தொகை எல்லோருக்கும் கொடுத்தார்கள், கட்டடமும் கட்டினார்கள். அதோடு சேர்ந்து, அதே முகம் மறுபடி மறுபடி வந்து நின்றது. ‘என்னை இவர் மறக்கவில்லை’ என்று ஒரு குழந்தை எண்ணிக்கொள்ள அது போதும்.

நாகையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. அவ்வளவு பெரிய கடற்கரைக்குத் தேவையான மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எப்படிப் பேச்சுக் கொடுப்பது, எப்படி விளையாட வைப்பது, படம் வரையச் சொல்லி எப்படிக் கவனிப்பது, யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்பதெல்லாம் அந்தப் பயிற்சி. அதாவது, பெரும்பாலான வேலையை ஊர்க்காரர்கள் செய்தார்கள், கடினமான சிலவற்றை மட்டும் டாக்டர்கள் பார்த்தார்கள். நம் வளாகத்துக்கும் அந்த ஏற்பாடு பொருந்தும்.

ஒரே ஒரு ஆள் போதும்

கொஞ்சம் தூரமாக ஹவாய்க்குப் போய் வருவோம். அங்கே கவாய் என்று ஒரு தீவு. 1955-ல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடுத்தர வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, வீட்டுச் சண்டை, பெற்றோருக்கு மனநோய் என்று பல கஷ்டங்கள் சேர்ந்து அமைந்த குழந்தைகளைத் தனியாகப் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ளவர்களாக நன்றாகவே வளர்ந்தார்கள்.

அந்த மூன்றில் ஒரு பங்கினருக்கு என்ன கிடைத்தது? பணம் இல்லை. அவர்களில் பலருக்கும் பொதுவாக இருந்தது, தங்களை மனதார ஏற்றுக்கொண்ட, நம்பத்தகுந்த ஒரு பெரியவர். பெற்றோராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தாத்தா, பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம். இன்னொன்று, அவர்களில் பலருக்கு ஏதாவது ஒரு பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, ‘நான் இல்லாவிட்டால் இது நடக்காது’ என்கிற ஒரு வேலை.

மீண்டெழும் திறன் என்று இப்போது எல்லோரும் பேசுவது இதுதான். அது பிறவியில் வரும் தைரியம் என்று நினைத்துக்கொள்கிறோம். “என் பெரியவன் தைரியசாலி, சின்னவன்தான் பயந்தாங்கொள்ளி” என்கிறோம். அந்தத் திறன் பிள்ளைக்கு உள்ளே மட்டும் இருப்பதில்லை, பிள்ளையைச் சுற்றிலும் இருக்கிறது. சுற்றி இருப்பதை நாம் ஏற்பாடு செய்ய முடியும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

பார், கேள், இணை

உடம்புக்கு முதலுதவி இருப்பது போல மனதுக்கும் முதலுதவி உண்டு. 2011-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்காக ஒரு கையேடு வெளியிட்டது. மருத்துவர் அல்லாதவர்களும் செய்யக்கூடியது. அதன் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை.

பார் என்றால், யாருக்கு இப்போது அவசரம் என்று கவனிப்பது. இந்த இடம் பாதுகாப்பா? காயம் இருக்கிறதா? யார் ஒன்றும் பேசாமல் மூலையில் இருக்கிறார்? சத்தம் போட்டு அழுகிறவரிடம் எல்லோரும் ஓடுவோம். உறைந்துபோய் உட்கார்ந்திருப்பவரைத்தான் தவறவிடுவோம்.

கேள் என்றால், காது கொடுப்பது. தோண்டித் துருவுவது இல்லை. “என்ன நடந்தது, முதலில் இருந்து சொல்லு” என்று கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பது நல்லது செய்யாது என்று அந்தக் கையேடு எச்சரிக்கிறது. அவர்களாகச் சொன்னால் கேட்க வேண்டும், சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2015 வெள்ளம் வடிந்த வாரத்தில் எங்கள் கிளைக்கு ஜனங்கள் நனைந்த பாஸ்புக்கை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். டூப்ளிகேட் பாஸ்புக்குக்கு ஒரு பக்க விண்ணப்பம், அவ்வளவுதான். ஆனால், ஒருவர்கூடப் பாஸ்புக்கில் ஆரம்பிக்கவில்லை. தண்ணீர் எத்தனை அடி வந்தது, எப்படி மொட்டை மாடிக்கு ஏறினோம், மிக்ஸி போனது, மகள் கல்யாண ஆல்பம் போனது என்றுதான் ஆரம்பித்தார்கள். என் பக்கத்துக் கவுன்டர் நண்பர் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார். ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டார். “அப்புறம்?” என்று மட்டும் கேட்பார். அந்த வாரம் முழுவதும் அவர் வரிசையில் ஒரு சண்டை வரவில்லை. கேட்பது என்றால் என்ன என்று நான் பார்த்த நல்ல உதாரணம் அதுதான்.

இணை என்றால், தேவையானதோடு சேர்த்துவிடுவது. பால், மாத்திரை, போன் சார்ஜ், சொந்தக்காரர், டாக்டர், எது வேண்டுமோ அது. பயந்த பிள்ளையை அதன் அம்மாவோடு சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய இணைப்பு.

சில வாக்கியங்களை நாம் நிறுத்திக்கொள்ளலாம். “ஆம்பளப் பையன் அழலாமா?”, “உன்னை விடச் சின்னவன் தைரியமா இருக்கான் பாரு”, “எல்லாம் நல்லதுக்குத்தான்”, “உங்களுக்காவது கார்தான் போச்சு”. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். கேட்பவருக்கு, ‘உன் பயத்துக்கு இங்கே இடம் இல்லை’ என்று விழுகிறது. அதற்குப் பதிலாக மூன்றே வாக்கியங்கள் போதும்: “நான் இங்கதான் இருக்கேன்.” “பயந்தது தப்பில்லை.” “இப்ப என்ன பண்ணலாம், சேர்ந்து பார்ப்போம்.”

பிள்ளைகளுக்கு இன்னொரு மருந்து, பழைய நேர ஒழுங்கு. குளிக்கும் நேரம், சாப்பிடும் நேரம், தூங்குமுன் கதை நேரம். கரன்ட் இல்லாவிட்டாலும் எட்டரை மணிக்குக் கதை உண்டு என்றால், உலகம் முழுவதும் கலைந்துவிடவில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்திடம் கேட்க வேண்டியவை

பள்ளி திறந்ததும் முதல் நாளே விட்ட பாடத்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. போர்ஷன் அவர்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் வந்திருக்கும். ஆனால், பெற்றோராக நாம் சிலவற்றைக் கேட்கலாம். முதல் இரண்டு நாள் பாடம் இல்லாமல் பேச, வரைய, விளையாட விட முடியுமா? புத்தகம் நனைந்த பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லாமல் இருக்க முடியுமா? திடீரென்று பின்தங்கிய பிள்ளையின் டைரியில் சிவப்பு மையில் எழுதுவதற்கு முன் ஒரு போன் செய்ய முடியுமா?

அடியாத மாடு படியாது என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 17-வது பிரிவில் உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. ஏற்கெனவே அலாரம் அடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அடித்தால் பாடம் உள்ளே போகாது, அலாரச் சத்தம்தான் கூடும்.

பள்ளியில் ஆலோசகர் இருக்கிறாரா, எந்தக் கிழமை இருக்கிறார், பிள்ளைகளுக்கு அவரைத் தெரியுமா என்றும் கேளுங்கள். பெயர்ப் பலகையில் மட்டும் ஆலோசகர் இருந்து பயன் இல்லை.

நம் வளாகத்துக்கு உள்ளே

மனக்காயம் வெள்ளத்தால் மட்டும் வருவதில்லை. கொரோனாவில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை, விபத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை, சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் சண்டை கேட்கும் பிள்ளை என்று எல்லா அடுக்கு மாடியிலும் உண்டு. மூடிய கதவுகள் நிறைந்த இடம் இது. எதிர் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே பத்து வருடம் இருக்கலாம்.

கஷ்டமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தது தெரிய வந்தால், “வளாகத்தின் பேர் கெட்டுடும், நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்” என்று சங்கமே சொல்லும் நிலை எங்கும் வரலாம். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் தண்டனைக்குரியது. சட்டம் இருக்கட்டும். அந்தக் குழந்தையின் பக்கம் நின்று யோசியுங்கள். நடந்ததை விட, சொன்ன பிறகும் யாரும் நம்பவில்லை என்பது ஆழமான காயம். அப்படி ஒரு நாள் வந்தால், குழந்தை சொல்வதை நம்புவது, 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது, பெயரை ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாமல் காப்பது, இந்த மூன்றும் நம் விதியாக இருக்கட்டும்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. 2023-ல் நம் குரூப்பில் அந்த இரவு 400 செய்திகளுக்கு மேல் வந்தன. அவற்றில் பாதி வேறு எங்கோ எடுத்த பழைய வீடியோ. ஏரி உடைந்தது என்ற வதந்தி மூன்று முறை வந்தது. அந்த போனைப் பிள்ளைகளும் பார்த்தார்கள். ஆபத்து நேரத்தில் ஒருவர் மட்டும் செய்தி போடும் தனி குரூப் வேண்டும். ஒரு மணிக்கு ஒரு தடவை, உறுதியான தகவல் மட்டும்.

அப்புறம், நம் பட்டியலில் யார் இருக்கிறார்கள்? அந்த நான்கு நாளும் வீடு வீடாகப் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்த செக்யூரிட்டிகளில் ஒருவரின் வீடு ஆற்றங்கரையில் மூழ்கியிருந்தது. அவர் குடும்பம் மண்டபத்தில் இருந்தது. மூன்றாம் நாள்தான் நமக்குத் தெரிந்தது, அதுவும் அவராகச் சொல்லவில்லை. ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் பயத்துக்கு இடம் ஒதுக்கும்போது அந்தப் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்தினால், அது முன்னேற்பாடு ஆகாது.

எஸ்டிமேட்

இப்போது லிஃப்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் முன்மொழிவு நான்கு பகுதி.

ஒன்று, பிளாக்குக்கு மூன்று பேர் வீதம் நான்கு பிளாக்கிலும் 12 பேருக்கு ஒரு நாள் மன முதலுதவிப் பயிற்சி. அதில் இரண்டு பேர் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் தரப்பிலிருந்து.

இரண்டு, மாடிவாரியாக ஒரு பட்டியல். பெற்றோர் வேலைக்குப் போய்த் தனியாக இருக்கும் பிள்ளை, தனியாக இருக்கும் முதியவர், மாத்திரை தேவைப்படுகிறவர், வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அடுத்த வீட்டுக்காரர் பொறுப்பு.

மூன்று, முதல் மாடி ஹாலில் பிள்ளைகள் மூலை. ரீசார்ஜ் விளக்கு, கேரம் போர்டு, கலர் பென்சில், கதைப் புத்தகம், ஒரு பெட்டியில் எப்போதும் தயாராக.

நான்கு, பிள்ளைகளுக்கே பொறுப்பு. டார்ச் சோதிப்பது ஒரு குழு. பாட்டி தாத்தாக்களின் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிப்பது ஒரு குழு. தண்ணீர் அளவைச் சுவரில் குறிப்பது பெரிய பிள்ளைகள், பெரியவர் துணையோடு. அக்டோபருக்கு முன் ஒரு ஒத்திகை. வேலை இருக்கிற பிள்ளைக்குப் பயம் இருக்கும், ஆனால், அந்தப் பயத்துக்குக் கையும் காலும் இருக்கும்.

மொத்தச் செலவு 18,000 ரூபாய். நாம் 120 வீடுகள். வீட்டுக்கு 150 ரூபாய், ஒரே ஒரு முறை. இது மெயின்டனன்ஸ் கணக்கில் வராது என்று சில உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு வங்கிக்காரனாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

வங்கியில் ப்ரொவிஷன் என்று ஒன்று உண்டு. கடன் வாராக்கடன் ஆன பிறகு மட்டும் பணம் ஒதுக்குவதில்லை. மாதம் தவறாமல் ஒழுங்காகக் கட்டிவரும் கடனுக்கும் பொதுவாக நூறு ரூபாய்க்கு நாற்பது காசு முன்கூட்டியே எடுத்து வைப்பார்கள். அந்தக் கடன்காரர் மேல் சந்தேகத்தால் அல்ல. எந்தக் கணக்கு எப்போது தடுமாறும் என்று யாருக்கும் தெரியாது என்பதால்தான். இன்று நன்றாகச் சிரித்து விளையாடும் பிள்ளைகளுக்காகவும் நாம் எடுத்து வைக்கும் நாற்பது காசு இது.

நோட்டீஸ் போர்டில் இரண்டு எண்களை இன்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம், இரவு பகல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றாலும் யாருக்காவது சொல்ல வேண்டி வரும்.

ஜெனரேட்டர் மேடைக்கும் மணல் மூட்டைக்கும் கை தூக்குங்கள், அவை கட்டாயம் வேண்டும். அவற்றோடு இந்த நான்காவது பொருளுக்கும் கை தூக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காகக் கதவருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன், வங்கிப் பழக்கம்.